இரண்டாவது மாடியில் மட்டும் தண்ணீர் வந்தது

"அக்கா, எங்க ஃப்ளோர்ல தண்ணி நின்னு போச்சு. மூணாவதுலயும் வரலையாம். செகண்ட் ஃப்ளோர்ல மட்டும் நல்லா வருது. எல்லாரும் பக்கெட்ட எடுத்துக்கிட்டு அங்கதான் ஓடுறாங்க."

டிசம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை ஐந்து மணிக்கு, நான் வேலை பார்க்கும் பெண்கள் விடுதியிலிருந்து ஒரு பிள்ளை எனக்குப் போன் செய்து சொன்ன வார்த்தைகள் இவை. நான் அப்போதுதான் கேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். வேறு யாராக இருந்தாலும், ஒரு மாடியிலாவது தண்ணீர் வருகிறதே என்று ஆறுதல் பட்டிருப்பார்கள். எனக்குப் பேனா கையிலிருந்து கீழே விழுந்துவிட்டது.

தண்ணீர் நின்றுபோன மாடிகளில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தண்ணீர் வந்த மாடிதான் கெட்டுப்போயிருந்தது. அதைக் கெடுத்தவள் நான். அந்த மாடியில்தான் என் மகள் இருந்தாள்.

மெயின்டெனன்ஸ் வேலைக்குப் புதிதாக வரும் பெண்பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் சிலராவது படிப்பார்கள் என்று இதை எழுதுகிறேன். எழுதுவது சுலபமில்லை. ஆனாலும் எழுத வேண்டியதுதான்.

மெழுகுக் கை

நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவள். சொந்த ஊர் வேப்பனப்பள்ளிப் பக்கம். கல்யாணத்துக்குப் பிறகு சூளகிரி. ஒரு கியர் கம்பெனியில் பதினைந்து வருஷம் ஒர்க் பெஞ்சு முன்னால் நின்று வேலை பார்த்தேன். கம்பெனியை மூடியபோது நாற்பத்தி மூன்று வயது. அந்த வயதில் பெண் ஃபிட்டருக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று அலைந்துகொண்டிருந்தபோதுதான், ஓசூருக்கு வெளியே இருக்கும் இந்த விடுதியில் பெண் டெக்னீசியன் வேண்டும் என்றார்கள்.

நாலு மாடி. சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் அறுநூறு பெண்கள். பிள்ளைகள் குளிக்கும் நேரத்தில் ஆண் பிளம்பரை மாடிக்கு விட முடியாது. ஆனால் பைப்பில் கோளாறு வருவதெல்லாம் அந்த நேரத்தில்தான். அதனால் எனக்கு வேலை கிடைத்தது.

முதல் நாள், விடுதிப் பராமரிப்பைப் பார்க்கும் மேனேஜர் முரளி சார் என்னை மாடிக்கு மாடி அழைத்துப்போனார். பெங்களூரிலிருந்து வந்திருந்த இன்ஸ்டாலர் ஒருவர் மிக்ஸிங் வால்வு பொருத்திக்கொண்டிருந்தார். மாடிக்கு ஒன்று. குளியலறை வரிசை தொடங்கும் இடத்தில், சுவரில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் கையடக்கப் பித்தளை. ஒரு பக்கம் வெந்நீர் பைப், மறுபக்கம் பச்சைத் தண்ணீர் பைப். இரண்டும் சேர்ந்து கலந்து கீழே வருகிறது.

"எதுக்குங்க சார் இது? தொட்டியிலயே சூட்டக் கொறச்சு வெச்சாப் போதாதா?" என்று இன்ஸ்டாலரிடம் கேட்டேன்.

"தொட்டியில கொறச்சா கிருமி வளரும் மேடம். அங்க அறுபது டிகிரி இருக்கணும். அறுபது டிகிரி மேல பட்டா சில நொடியில தோல் வெந்துடும். அதனால இங்க நாப்பத்திரண்டுக்குக் கலந்து விடறோம்."

வால்வைப் பிரித்துக் காட்டினார். உள்ளே சுண்டுவிரல் அளவுக்கு ஒரு குப்பி. அதில் மெழுகு. தண்ணீர் சூடானால் மெழுகு உப்பி, பிஸ்டனைத் தள்ளி, வெந்நீரின் வழியைக் குறுக்கும். ஆறினால் மெழுகு சுருங்கி வழியை விடும். கரண்ட் வேண்டாம், ஆள் வேண்டாம். வீட்டில் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது, கையை விட்டுப் பார்த்துப் பார்த்துத் தண்ணீரை விளாவுகிறோம் இல்லையா, அதே வேலைதான். கை மட்டும் மெழுகுக் கை.

பிறகு அவர் செய்ததுதான் முக்கியம். ஒரு குழாயைத் திறந்து விட்டு, "இப்ப பச்சத் தண்ணிய மூடுங்க" என்றார். மூடினேன். ஒன்று, இரண்டு எண்ணுவதற்குள் குழாயில் தண்ணீர் சொட்டுக்கு வந்து நின்றது.

"நின்னுடுச்சுங்களே. கெட்டுப்போச்சா?"

"இதுக்காகத்தான் மேடம் இத வாங்கறதே. பச்சத் தண்ணி இல்லன்னா சுடுதண்ணியையும் விடாது. எப்ப செட்டிங் மாத்தினாலும் இந்த டெஸ்ட் பண்ணணும். பண்ணிட்டு, வால்வுல தொங்கற இந்த டேக்ல தேதி, டிகிரி, கையெழுத்து. இன்னொண்ணு, உள்ள வர்ற சுடுதண்ணிக்கும் வெளிய போற தண்ணிக்கும் பத்து டிகிரிக்கு மேலயே வித்தியாசம் இருக்கணும். இல்லன்னா பச்சத் தண்ணி நின்னது மெழுகுக்குத் தெரியாது. மூடாது."

எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். கடைசியாகச் சொன்ன பத்து டிகிரி விஷயத்தைப் பக்கத்தின் ஓரத்தில் எழுதினேன். ஓரத்தில் எழுதுவதெல்லாம் ஓரத்திலேயே நின்றுவிடுகிறது.

வெதுவெது அக்கா

முதல் குளிர்காலத்திலேயே எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

"வெதுவெது அக்கா வந்தாச்சுடி!"

ஓசூர் குளிர் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே டிசம்பரில் காலையில் பேசினால் வாயில் புகை வரும். தஞ்சாவூர், ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த பிள்ளைகள் முதல் மாதம் ஸ்வெட்டரைக் கழற்றவே மாட்டார்கள். அவர்களுக்கு நாற்பத்திரண்டு டிகிரி எந்த மூலைக்கு?

"அக்கா, இது சுடுதண்ணியா, மழத்தண்ணியா?"

"டீ போடவாக்கா கேக்கறோம்? குளிக்கத்தான கேக்கறோம்!"

"எங்கூர்ல மாட்டுக்கே இதவிட சூடா வெப்பாங்க."

அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. வால்வு செய்தவர்கள் ஷவரை மனதில் வைத்துச் செய்திருப்பார்கள். எங்கள் பிள்ளைகளுக்குப் பக்கெட்தான். ஓர் அறையில் நாலு பேர். முதலில் எழுந்திருப்பவள் நாலு பக்கெட்டையும் நிரப்பி, மேலே தட்டைப் போட்டு மூடி வரிசையாக வைத்துவிட்டு, மற்றவர்களை எழுப்புவாள். ஐந்தரைக்கு பஸ். குழாய்க்குக் காத்திருக்க முடியாது என்று அவர்களாகக் கண்டுபிடித்த ஏற்பாடு. நாலாவது ஆள் தட்டை எடுக்கும்போது தண்ணீர் ஆறிப்போயிருக்கும். கொதிக்கக் கொதிக்கப் பிடித்து வைத்தால் பிறகு வேண்டிய அளவுக்கு விளாவிக்கொள்ளலாமே என்பது அவர்கள் கணக்கு.

நான் அசையவில்லை. ஒரு பிள்ளை எனக்குப் பலாச்சுளை கொண்டுவந்து கொடுத்துக் கேட்டாள். சுளையைத் தின்றுவிட்டு முடியாது என்றேன். மூன்று குளிர்காலம் அப்படியே போனது. மூன்று வருஷத்தில் ஒருத்திக்கும் கொப்புளம் வரவில்லை. எனக்கு அதில் பெருமை. புதிய பிள்ளைகள் சேரும்போது, வார்டன் மேடம் விதிகளைச் சொல்லி முடித்ததும், நான் எழுந்து இப்படிச் சொல்வேன்:

"எங்க குழாயில கைய வெச்சுப் பாக்கவே வேண்டாம்மா. கண்ண மூடிட்டுக் குளிக்கலாம்."

இந்த ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கால் சுற்று

என் மகள் காவ்யா டிப்ளமோ முடித்துவிட்டு, பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். வீடு இருபது கிலோமீட்டர்தான். ஆனால் ஷிப்ட் பஸ்ஸுக்கு வசதி என்று விடுதியில்தான் தங்குவேன் என்றாள். வசதி என்பது ஒரு சாக்கு. என் கண்ணுக்குக் கொஞ்சம் தள்ளி இருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் கவலைப்படுகிற ஜாதி. பஸ் ஐந்து நிமிஷம் தாமதமானால் மூன்று போன் செய்வேன். அவள் எத்தனை நாள் பொறுப்பாள்?

அவளே ஒரு நிபந்தனையும் வைத்தாள். "ம்மா, நீ அங்க என்னத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கக் கூடாது. மெயின்டெனன்ஸ் அக்கா பொண்ணுன்னா, ஃபேன் ஓடலன்னாகூட எங்கிட்டதான் வருவாளுங்க."

"அப்ப என்னய என்னன்னு கூப்பிடுவ?"

"எல்லாரும் கூப்பிடற மாதிரிதான். அக்கான்னு."

பெற்ற மகள் ஆறு மாதம் என்னை அக்கா என்றாள். இரண்டாவது மாடி வராந்தாவில், பைப்பில் தூசு பிடிக்கும் ஸ்ட்ரெய்னரை நான் கழுவிக்கொண்டிருப்பேன். தோழிகளோடு போகிறவள், "அக்கா, வழிய விடுங்க" என்பாள். கண்ணில் மட்டும் சிரிப்பு இருக்கும். அந்தச் சிரிப்புக்காகவே சில நாள் தேவையில்லாமல் இரண்டாவது மாடி வால்வைப் போய்ப் பார்த்திருக்கிறேன்.

டிசம்பரில் அவளுக்குச் சளி பிடித்தது. சின்ன வயதிலிருந்தே மூக்கடைப்பு உண்டு. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவளுக்கு இருமி இருமிக் கண் சிவந்திருந்தது.

"தலைக்கு ஊத்தினா நடுங்குதும்மா. உன் வால்வ நீயே ஒரு நாள் வந்து குளிச்சுப் பாரு."

அவள் கேட்டது அவ்வளவுதான். செய் என்றுகூடச் சொல்லவில்லை. நான் தைலம் தேய்த்துவிட்டேன்.

திங்கட்கிழமை மதியம், பிள்ளைகள் எல்லாம் ஷிப்டில் இருக்கும் நேரம், இரண்டாவது மாடிப் பெட்டியைத் திறந்தேன். அந்தப் பெட்டியின் பூட்டு கெட்டு ஒரு மாதமாகக் கம்பியால் கட்டியிருந்தது. வால்வின் மூடியைக் கழற்றி, ஆலன் கீயைப் போட்டு, ஒரு கால் சுற்று திருப்பினேன். தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன். நாற்பத்தொன்பது. சளி விடும் வரைக்கும் ஒரு வாரம் இருக்கட்டும், பிறகு குறைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

பச்சைத் தண்ணீரை மூடிப் பார்க்கும் டெஸ்ட் செய்யவில்லை. ஏன் என்று பலமுறை என்னையே கேட்டுவிட்டேன். டெஸ்ட் செய்தால் டேகில் எழுத வேண்டும். எழுதினால் நாற்பத்தொன்பது என்று எழுத வேண்டும். அதனால் செய்யவில்லை. டேகில் நாற்பத்திரண்டு என்றே இருந்தது, என் கையெழுத்தோடு.

அந்த வாரம் இரண்டாவது மாடிப் பிள்ளைகள் என்னைக் கண்டால் கன்னத்தைக் கிள்ளினார்கள். "அக்கா, தண்ணி சூப்பர்! இன்னிமே உங்க பேரு சுடச்சுட அக்கா." சூடாக இருக்கிறது என்று அவர்கள் தெரிந்துகொண்டு விளாவிக் குளித்தார்கள். காவ்யாவின் இருமலும் குறைந்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷம்தான்.

வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை காலையில் அறுநூறு பேரில் பாதிப் பேராவது தலைக்குக் குளிப்பார்கள். மற்ற நாளைவிட இரண்டு மடங்கு தண்ணீர் செலவாகும். எங்கள் விடுதியில் வெந்நீருக்குத் தனித் தொட்டி, பச்சைத் தண்ணீருக்குத் தனித் தொட்டி. பச்சைத் தண்ணீர்த் தொட்டி போர் மோட்டாரை நம்பியிருக்கிறது. அன்றைக்கு விடிவதற்கு முன்பே மோட்டார் நின்றுபோயிருந்தது.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் பச்சைத் தண்ணீர் தீர்ந்தது. முதல் மாடி, மூன்றாவது மாடி, நாலாவது மாடி வால்வுகள் மூன்றும் தாங்கள் செய்ய வேண்டியதைச் செய்தன. வெந்நீரை மூடிக்கொண்டன. பிள்ளைகளுக்கு அது தெரியுமா? தண்ணீர் வரவில்லை என்று திட்டினார்கள்.

இரண்டாவது மாடி வால்வு மூடவில்லை. அந்த வாரம் முழுக்கப் பனிமூட்டம். வெந்நீர்த் தொட்டியைச் சூடாக்கும் சோலாரில் சரியாகச் சூடு ஏறவில்லை. மாடிக்கு வந்துகொண்டிருந்த வெந்நீர் ஐம்பத்தெட்டு டிகிரி. நான் வைத்திருந்தது நாற்பத்தொன்பது. ஒன்பது டிகிரிதான் வித்தியாசம். பச்சைத் தண்ணீர் நின்றது மெழுகுக்குத் தெரியவில்லை. ஐம்பத்தெட்டு டிகிரி வெந்நீரை அப்படியே விட்டுக்கொண்டிருந்தது. தண்ணீர் வரும் ஒரே மாடி என்று, மற்ற மூன்று மாடிப் பிள்ளைகளும் அங்கே ஓடினார்கள்.

கீழே விழுந்த பேனாவை எடுக்காமல் நானும் ஓடினேன். போகிற வழியில் பம்ப் ஆபரேட்டர் நஞ்சப்பா எதிரில் வந்தார். ஆனேக்கல் பக்கத்துக்காரர். பதற்றம் வந்தால் பாதி கன்னடம் ஆகிவிடும்.

"கோமதிக்கா, மோட்டர் டிரிப் ஆயித்து! டேங்க் பூரா காலி!"

"சுடுதண்ணி மெயின மூடுங்க நஞ்சப்பா! மொதல்ல அத மூடுங்க!"

நாற்பத்தேழு வயதில், மூட்டு வலியோடு, இரண்டு மாடி எப்படி ஏறினேன் என்று தெரியாது. பாதிப் படியில் சத்தம் கேட்டது. ஒரு பெண்பிள்ளை அலறும் சத்தம். காவ்யாவின் குரலா என்று நின்று கேட்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை.

காவ்யா இல்லை. சங்கீதா. மூன்றாவது மாடிப் பிள்ளை, சாமல்பட்டிக்காரி, பத்தொன்பது வயது. தலையில் ஷாம்பு போட்டு நுரையாக இருக்கும்போது அவள் மாடியில் தண்ணீர் நின்றிருக்கிறது. கண் எரிய எரிய, நைட்டியை மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்து இறங்கி வந்திருக்கிறாள். காவ்யாதான் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், "எங்க குழாயில வருது, வாடி" என்று பக்கெட்டைப் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். சங்கீதா கண்ணைத் திறக்க முடியாமல், கையை வைத்துப் பார்க்காமல், தலைக்கென்று தூக்கிய முதல் செம்பைத் தடுமாறித் தோளில் ஊற்றிக்கொண்டாள்.

கண்ணை மூடிக்கொண்டு குளிக்கலாம் என்று சொல்லிக்கொடுத்தது நான்தான்.

இடது தோளும் மேல்கையும் செக்கச்செவேல் என்று ஆகியிருந்தது. யாரோ டூத் பேஸ்ட்டைக் கொண்டுவந்தார்கள். "அத வெக்காதீங்க! பச்சத் தண்ணி ஊத்துங்க!" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் பச்சைத் தண்ணீரே இல்லை என்பது உறைத்தது.

காவ்யா நின்று யோசிக்கவில்லை. "டைனிங் ஹால்ல கேன் இருக்குடி, வாங்க!" என்று சொல்லிக்கொண்டே இறங்கி ஓடினாள். குடிதண்ணீர் கேன்களை இரண்டு பேருக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை, இருபது நிமிஷத்துக்கும் மேலே, மாற்றி மாற்றி மெதுவாக ஊற்றிக்கொண்டே இருந்தோம். சங்கீதா அழுதுகொண்டே, "நுரைய மொதல்ல கழுவுங்கடி, கண்ணு எரியுது" என்றாள். சுற்றி நின்றவர்களுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

கேன் வருவதற்குள் நான் பெட்டியைத் திறந்து வெந்நீரை அடைத்திருந்தேன். டேக் அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. நாற்பத்திரண்டு டிகிரி. கையெழுத்து: கோமதி.

டைனிங் ஹாலில்

மதியம் முரளி சார் வந்து அளந்து பார்த்தார். பிறகு இரண்டாவது மாடிப் பிள்ளைகளில் ஷிப்டு இல்லாதவர்களை டைனிங் ஹாலுக்கு வரச் சொன்னார். வார்டன் மேடம் கோபத்தில் இருந்தார்.

"பெட்டிக்குப் பூட்டில்ல சார். தண்ணி சூடில்லன்னு தெனம் சண்ட போடுவாளுங்க. இவங்கள்ல யாரோ ஒருத்திதான் திருகியிருக்கா. இவளுங்களும் கம்பெனியில ஆலன் கீ பிடிக்கறவங்கதான."

"ரூம் ரூமா செக் பண்ணிடலாம்" என்றார் முரளி சார். "யாருன்னு தெரிஞ்சா விடுதியிலயும் இடமில்ல, அவங்க கம்பெனிக்கும் எழுதுவேன்."

நாற்பது பிள்ளைகள் சுவரோரம் நின்றார்கள். பயத்தில் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்திருந்தார்கள். நடுவில் காவ்யா. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அந்தப் பார்வையில் தெரிந்தது. திங்கட்கிழமை தண்ணீர் ஏன் திடீரென்று சூடானது என்று அவளைத் தவிர யாருக்குத் தெரியும்?

உண்மையைச் சொல்கிறேன், என் மனதில் ஒரு கணக்கு ஓடியது. அறைகளைத் தேடினால் எதுவும் கிடைக்காது. வால்வு கோளாறு என்று எழுதிவிடுவார்கள். என் வேலை தப்பிக்கும். இவ்வளவையும் நினைத்து முடிக்க இரண்டு நொடி ஆகியிருக்கும். நல்ல வால்வு மூடுவதற்கு ஆகும் அதே நேரம்.

"நான்தான் சார் திருப்பினேன்" என்றேன். "திங்கக்கெழம. டெஸ்ட் பண்ணல. டேக்ல எழுதல."

முரளி சாருக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. "நீங்களா? மூணு வருஷமா யார் கேட்டாலும் அசையாத ஆளு. ஏம்மா?"

"ஒரு பிள்ளைக்குச் சளின்னு…"

"எந்தப் பிள்ள?"

 அவள் பெயரை நான் சொல்வதாக இல்லை. ஆனால் வரிசையிலிருந்து காவ்யா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"நான்தான் சார். அவங்க எங்க அம்மா."

எல்லாரும் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு பின்னாலிருந்து ஒரு குரல் அடக்க முடியாமல் கேட்டது: "ஏய் காவ்யா! ஆறு மாசமா பெத்த அம்மாவயாடி அக்கான்னு கூப்பிட்ட?"

இன்னொருத்தி, "போன வாரம் இவ முன்னாடியே அக்காவத் திட்டினேனே, ஐயோ!" என்றாள். வார்டன் மேடம் அதட்டியும் சிரிப்பு நிற்க நேரமாயிற்று. காவ்யா அழுதுகொண்டிருந்தாள். நானும்தான்.

எனக்கு மெமோ கொடுத்தார்கள். வேலையை விட்டு எடுக்கவில்லை. "எடுத்தா மாடிக்கு அனுப்ப வேற ஆளில்ல. அதுக்காகத்தான்னு நெனச்சுக்காதீங்க. நீங்களா சொன்னீங்க, அதுக்காகவும்தான்" என்றார் முரளி சார்.

சாமல்பட்டியிலிருந்து வந்தவர்

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மேல்தோல்தான் வெந்திருக்கிறது, இரண்டு வாரத்தில் ஆறிவிடும், தோளில் மட்டும் லேசாகத் தழும்பு நிற்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சங்கீதா தூங்கிக்கொண்டிருந்தாள். வெளியே பெஞ்சில் அவளுடைய அம்மா உட்கார்ந்திருந்தார். காலை பஸ்ஸில் வந்திருக்கிறார். வயல்காட்டு வேலைக்குப் போகிறவர். என் வயதுதான் இருக்கும்.

பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். என் மகளுக்குச் சளி என்பதிலிருந்து டேக் வரை. ஒன்றையும் விடவில்லை. அவர் முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டே கேட்டார். 

"ஒடம்புல ஒரு தழும்பு இல்லாம வளத்தம்மா எம் பொண்ண" என்றார் கடைசியில்.

முந்தானையை விரலிலிருந்து அவிழ்த்துவிட்டுக் கேட்டார்:

"உம் பொண்ணு அங்கயேதான் இருக்குதா?"

"இன்னிக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்னு இருக்கேங்க. பயமா இருக்குது."

உண்மையிலேயே காவ்யாவின் பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டுத்தான் நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன்.

அவர் திரும்பி என் முகத்தை நேராகப் பார்த்தார். "கூட்டிக்கினு போவாத. எம் பொண்ணு ஒடம்பு ஆறினா மறுபடி அங்கதான் வரும். அது சம்பளத்துலதான் ஊடே ஓடுது. உம் பொண்ணும் அதே தண்ணியில குளிக்கட்டும். அப்பத்தான் நீ பாத்துச் செய்வ."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. வேலை சொன்னார். எழுந்து வெளியே வந்து காவ்யாவுக்குப் போன் செய்தேன். "பெட்டிய அவுத்து வை. நீ அங்கயே இரு."

"நானும் அதையேதாம்மா சொல்லலாம்னு இருந்தேன்" என்றாள்.

இப்போது

நாலு பெட்டிக்கும் புதுப் பூட்டு. பக்கெட் பிரச்சினைக்கு வழி வால்வில் இல்லை என்று புரிந்தது. வால்விலிருந்து குளியலறை வரைக்கும் போகும் பைப் வெறும் பைப்பாக இருந்தது. பாதிச் சூடு அங்கேயே போய்க்கொண்டிருந்திருக்கிறது. அதற்கு இன்சுலேஷன் சுற்றினோம். ஒவ்வொரு அறைக்கும் மூடி போட்ட பக்கெட் வாங்கிக் கொடுத்தார்கள். மூன்று வருஷத்துக்கு முன்பே இதைக் கேட்டிருக்கலாம். நான் முடியாது, முடியாது என்று சொல்வதிலேயே பெருமைப்பட்டுக்கொண்டு, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்காமல் இருந்துவிட்டேன்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பிள்ளைகள் முன்னாலேயே டெஸ்ட் செய்கிறேன். வெந்நீர் என்ன டிகிரி, வெளியே என்ன டிகிரி என்று ஒருத்தி உரக்கப் படிப்பாள். அடுத்தவள் பச்சைத் தண்ணீரை மூடுவாள். மற்றவர்கள் எண்ணுவார்கள். தமிழில் சிலர், தெலுங்கில் சிலர், ஒடியாவில் இரண்டு பேர்.

போன தடவை மூன்றாவது மாடியில் பச்சைத் தண்ணீரை மூடியது சங்கீதா. இரண்டு எண்ணுவதற்குள் தண்ணீர் நின்றது. புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளை, "ஐயோ, தண்ணி நின்னு போச்சு" என்றது.

"நிக்கட்டும். அது நின்னாத்தான் நாம நல்லா இருப்போம்" என்றாள் சங்கீதா. பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னாக்கா, சரியாச் சொன்னனா? டேக்ல எழுதுங்க, பாத்துக்கினே இருக்கேன்" என்றாள். எழுதினேன். அவள் படித்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பிடித்தவர்களுக்காக வால்வைத் திருப்பாதீர்கள். டேகில் எழுதக் கூசுகிற எதையும் கையால் செய்யாதீர்கள். கையை வைத்துப் பார்க்க வேண்டாம் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். தண்ணீர் வரவில்லை என்று திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த டெஸ்ட் நடந்த அன்று சாயங்காலம் காவ்யா போன் செய்தாள். இப்போதெல்லாம் எல்லார் முன்னாலும் அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள்.

"ம்மா, உன் தண்ணி இன்னமும் வெதுவெதுன்னுதான் வருது, தெரியுமா?"

இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.